காரா, படகா?

றெஜான் தார்ப்பாயின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார். பழைய கிரீஸில் ஒட்டிக் கிடந்தது, இலேசில் வரவில்லை. இரண்டாம் முறை இழுத்தபோது சர்ரென்று பிரிந்து வந்தது. கராஜுக்குள் மண்ணெண்ணெயும் ஈர மரமும் கலந்த ஒரு மணம் எழுந்தது.

"வ்வலா!" என்றார் றெஜான், மேடையில் புறாவைக் காட்டுகிற மந்திரவாதி போல.

பனி உருகிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமைப் பகல் அது. என் கணவரின் சிநேகிதர் றெஜானின் வீடு கியூபெக்கில், ரொக்ஸ்பரோவில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. கூரைப் பனி கரைந்து கராஜ் வாசலில் சொட்டிக்கொண்டே இருந்தது. உள்ளே, தடித்த மரக்கட்டைகளின் மேல், தையல் மெஷின் மேசையளவு நீளத்துக்கு ஒரு எஞ்சின். வடக்கே ஓர் ஏரிக்கரைப் படகுக் கொட்டிலில் கிடந்ததை றெஜான் கொண்டுவந்திருந்தார். மிகப் பழைய அமெரிக்க எஞ்சின் என்பது மட்டும் பார்த்தவுடனே தெரிந்தது. யார் செய்தது, காருக்குச் செய்ததா படகுக்குச் செய்ததா என்று சொல்ல அதில் ஒரு தகடுகூட இல்லை.

என் கணவர் இடது கையில் ஊன்றுகோலோடு நின்றார். வலது கை ஜாக்கெட் பைக்குள் இருந்தது. அவர் எஞ்சினைப் பார்த்தார். நான் அவருடைய வாயைப் பார்த்தேன். அந்த நாட்களில் எங்கே போனாலும் நான் அவருடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிலிண்டர்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு... ரெண்டு" என்றார்.

றெஜான் என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

கதைக்காத மனிதர்

கராஜில் அவர்களை நிற்கவிட்டு, ஒன்றைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

இந்தப் பக்கங்களை ஒழுங்காக வாசிக்கிற ஒரு அம்மா, போன மாதம் கோயிலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, உம்மட எழுத்தில எல்லாரும் கதைக்கினம். உம்மட அவர் மட்டும் ஒரு மூலையில சும்மா இருக்கிறார். வீட்டிலயும் அப்பிடித்தானோ?" என்று கேட்டார். பூசை தொடங்கிவிட்டதால் சிரித்துச் சமாளித்தேன். அவர் கேட்டதற்குப் பதில்தான் இது.

என் கணவர் சிவபாலன் கதைக்காத மனிதர் அல்ல. சாப்பிடும்போது கதைப்பார். பல் தீட்டும்போது கதைக்க முயல்வார். சென்ட் லோரன்டில் விமானப் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. கடைந்து வருகிற துண்டுகள் சரியான அளவில் இருக்கின்றனவா என்று பார்த்து அனுப்புகிறவர். அந்த இரைச்சலில் முழு நாளும் கத்திப் பழகியதால் வீட்டிலும் அதே சத்தம்தான். லாசாலில் எங்களுக்கு மேல்மாடியில் இருக்கிற ஹெயிட்டிக்காரி ஒருமுறை, "உங்கள் வீட்டில் தினமும் என்ன சண்டை?" என்று கேட்டாள். சண்டை இல்லை, அவர் எனக்குக் கார் எஞ்சினின் காபரேட்டரை விளக்கிக்கொண்டிருந்தார்.

சீனிப் போத்தல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். சீனிப் போத்தலைக் கையில் எடுத்து என் பக்கம் நீட்டி, "இது... இது..." என்றார்.

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். "என்ன, சீனி முடிஞ்சுதோ?" என்றேன்.

"இது..." என்றார் மறுபடியும். முகத்தில் பகிடி இல்லை. போத்தல் கையிலிருந்து நழுவி விழுந்தது. அம்புலன்ஸ் வரும்வரை நான் அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் இருந்தேன். பாவாடை முழுவதும் சீனி.

உயிருக்கு இனி ஆபத்தில்லை என்று டொக்டர் சொன்னார். ஆனால் மூளையில் பேச்சு இருக்கிற இடத்துக்கு இரத்தம் போகவில்லை. "அவருக்கு நாங்கள் பேசுவது எல்லாம் விளங்கும். அவருக்குச் சொல்லத்தான் வராது" என்றார்.

அதன் பிறகு நெடுநாள் அவரிடம் ஒரேயொரு சொல்தான் மிஞ்சியிருந்தது. ஓம்.

பசிக்கிறதா? ஓம். பசிக்கவில்லையா? ஓம். ஒட்டாவாவிலிருந்து மகள் போனில், "அப்பா, நான் கதைக்கிறது கேக்குதா?" என்றால், ஓம். அவள் போனை வைத்தபிறகும், அந்தப் போனையே பார்த்துக்கொண்டு, ஓம், ஓம் என்பார். இல்லை என்று சொல்லவும் அவரிடம் ஓம்தான் இருந்தது. கோபத்தில் சொல்லுகிற ஓமையும் சம்மதத்தில் சொல்லுகிற ஓமையும் பிரித்தறிய நான் பழகிக்கொண்டேன்.

மதாம் இஞ்சேரும்

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தர வந்தவர் மெலனி என்ற பெண். எங்கள் மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. என் கணவருக்கோ மூன்று மொழி தெரியும். மூன்றும் ஒரே பெட்டியில் கொட்டுண்டு கிடந்தன.

முதல் நாள் அப்பிள் படம் காட்டினார். பூட்டுத் திறப்புப் படம் காட்டினார். ஒன்றும் வரவில்லை. பிறகு என்னைக் காட்டி, "இவருடைய பெயர் என்ன?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

என் கணவர் என்னையே பார்த்தார். உதடு கூடியது, பிரிந்தது. நெற்றியில் வியர்த்தது. மெலனி தன் தாளில் ஏதோ எழுதினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் லாசாலில் ஒரு கார்டெரியில் வேலை செய்கிறேன். வேலைக்குப் போகும் பெற்றோர் விட்டுச் செல்கிற சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற இடம். என் பிரெஞ்சு முழுவதும் பள்ளிக்கூடம் போகாத வயதுக்காரரிடம் படித்தது. அந்தப் பிரெஞ்சில், "அது பிழையான கேள்வி. அவர் என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. வருத்தம் வரமுதலும் சொன்னதில்லை" என்றேன்.

மெலனி பேனாவை வைத்துவிட்டார். வேறு ஏதோ குடும்பப் பிரச்சினை என்று நினைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, "மன்னியுங்கள்" என்றார்.

எங்கள் ஆட்களில், எங்கள் வயதில், மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் குறைவு என்பதை விளங்கப்படுத்த எனக்குப் பாதிப் பயிற்சி நேரம் போனது. "அப்படியென்றால் எப்படிக் கூப்பிடுவார்?" என்றார்.

"இஞ்சேரும்."

"அதற்கு என்ன பொருள்?"

"இங்கே பாரும்."

மெலனி அதைக் கவனமாகத் தன் எழுத்தில் எழுதிக்கொண்டார். அடுத்தமுறை என்னைக் காட்டிக் கேட்டபோது என் கணவருக்குச் சிரிப்பு வந்தது. வருத்தம் வந்தபிறகு அதுதான் முதல் சிரிப்பு. சிரிப்போடு சிரிப்பாக, "இஞ்சேரும்" என்றார். மெலனி கை தட்டினார். அந்த ஆஸ்பத்திரியில் இன்றைக்கும் என் பெயர் மதாம் இஞ்சேரும்.

மக்னீட்டோ

ஆனால் இஞ்சேரும் என்பது வாயின் பழக்கத்தில் வந்த சொல் என்று மெலனி சொன்னார். தேடி எடுத்த முதல் சொல் வேறொன்று. அது வந்தபோது மெலனியும் இல்லை, நானும் கைகழுவப் போயிருந்தேன். றெஜான் இருந்தார்.

றெஜானும் இவரும் ஒரே தொழிற்சாலை. இவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவருக்குப் பிரெஞ்சு சரியாக வராது, றெஜானுக்கு ஆங்கிலம் வராது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் றெஜான் பழைய கார்ப் புத்தகமொன்றை விரித்து, படத்துக்குக் கீழே இருக்கிற பெயரைத் தன் சான்ட்விச்சால் மறைத்து, இது என்ன எஞ்சின் என்று கையால் கேட்பாராம். இவர் பிழையாகச் சொன்னால் சான்ட்விச்சை எடுத்துக் காட்டிவிட்டு ஒரு கடி. அப்படித் தொடங்கிய சிநேகம். கோடையில் பழைய கார்ச் சந்தை எங்கே நடந்தாலும் இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். விற்கிறவன் மூடிவைத்த எஞ்சினை யார் முதலில் அடையாளம் சொல்வது என்று போட்டி.

அன்றும் றெஜான் அதே மாதிரிப் புத்தகமொன்றோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். நோயாளியிடம் எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் கேட்கவில்லை. கட்டிலில் புத்தகத்தை விரித்து, பெயரை உள்ளங்கையால் மறைத்து, புருவத்தை உயர்த்தினார்.

நான் திரும்பி வந்தபோது என் கணவர் படத்தில் ஒரு மூலையை இடது விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "மக்னீட்டோ" என்றார். தெளிவாக, ஒரு எழுத்தும் குழறாமல். எஞ்சினுக்கு நெருப்புப் பொறி கொடுக்கிற சின்ன மின் இயந்திரம் அது.

எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது. பெற்ற மகளின் பெயர் வரவில்லை. தண்ணீர் வரவில்லை. மக்னீட்டோ வந்துவிட்டது.

மெலனியிடம் சொன்னேன். அவர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எது வருகிறதோ அதிலிருந்து தொடங்குவோம். உங்களிடம் எஞ்சின் படங்கள் இருக்கின்றனவா?" என்றார்.

எல்லாம் வெளியே தெரியும்

படம் காட்டிச் சொல் கேட்பது என் தொழில். கார்டெரியில் பூனை, வாளி, மழைச் சப்பாத்து என்று நான் வெட்டி ஒட்டிய அட்டைகள் ஓர் அலுமாரி நிறைய இருக்கின்றன. எஞ்சினுக்கும் அப்படிச் செய்தேன். றெஜான் படங்கள் தந்தார். ஆனால் என் கணவர் சொல்வது சரியா பிழையா என்று தெரியாமல் அட்டையைத் தூக்கிப் பிடித்து என்ன பயன்? ஆகவே நானும் படிக்க வேண்டியிருந்தது.

படிக்கப் படிக்க, இந்த இரண்டு ஆண்களும் இத்தனை வருடம் எதில் மயங்கிக் கிடந்தார்கள் என்பது விளங்கியது.

இன்றைய காரின் மூடியைத் திறந்தால் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி. அந்தக் கால எஞ்சினில் எல்லாம் வெளியே தெரியும். எது எதைத் தள்ளுகிறது, எது எதைத் திருப்புகிறது என்று கண்ணால் பின்தொடர்ந்து போகலாம். எஞ்சின் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அப்போது யாரும் முடிவு செய்திருக்கவில்லை. ஒவ்வொரு பட்டறையும் தனக்குச் சரியென்று பட்டதைத் துணிந்து செய்து பார்த்தது. காற்று போய்வருகிற வால்வுகளை ஒருவர் ஒரு பக்கத்தில் வைத்தார். இன்னொருவர் இரண்டு பக்கத்திலும் வைத்தார். வேறொருவர் தலைக்கு மேலே ஏற்றினார். வால்வே வேண்டாம் என்று, சிலிண்டருக்குள் இன்னொரு குழாயை மேலும் கீழும் ஓடவிட்டவரும் இருந்தார்.

அடையாளம் காண முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டர்களை எப்படி வார்த்திருக்கிறார்கள் என்பது. தனித்தனியாகவா, இரண்டிரண்டாகவா, நாலும் ஒரே கட்டியாகவா? அந்தக் காலத்தில் எங்கும் ஓடிய மொடல் டி கார் என்றால் நாலும் ஒரே கட்டி, தலையைத் தனியாகக் கழற்றலாம். அந்த அட்டையை இவர் பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிடுவார், அவ்வளவு சுலபமான கேள்வியைக் கேட்கிறேனே என்று. பிறகு வால்வுகள் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். பிறகு குளிர்வது தண்ணீராலா, காற்றாலா. காற்றென்றால் சிலிண்டரைச் சுற்றி மடிப்பு மடிப்பாகத் தகடுகள் இருக்கும்.

எனக்குப் பிடித்தது பித்தளைக் கிண்ணங்கள். குளிரில் எஞ்சின் கிளம்புவதற்காக ஒரு துளி பெற்றோல் ஊற்ற, ஒவ்வொரு சிலிண்டர் தலையிலும் ஒரு குட்டிக் கிண்ணம், மூக்குத்தி போல. குளிரில் விறைத்து நிற்கிற காரோடு மல்லுக்கட்டி வேலைக்குப் போகிற எங்களுக்கு அந்தக் கிண்ணத்தைச் செய்தவனின் மனம் நன்றாக விளங்கும்.

"இஞ்சேருங்கோ, இது ரெண்டு பக்கமும் வால்வு, என்ன?" என்பேன்.

"ஓம்." அது சரியான ஓம்.

வினைச்சொல்

சிலிண்டர் வந்தது, வால்வு வந்தது, பிறகு தண்ணீர் வந்தது, சோறு வந்தது. மகளின் பெயரும் ஒருநாள் போனில் வந்தது. அவள் அந்தப் பக்கத்தில் அழுததில் இவர் பயந்து மறுபடியும் ஓமுக்குப் போய்விட்டார்.

ஆனால் வந்ததெல்லாம் பெயர்கள். வினை வரவில்லை. "றெஜான்... நேற்று... கார்" என்பார். றெஜான் நேற்று காரில் வந்தாரா, போனாரா, வரச் சொன்னாரா? தமிழில் யார், எப்போது என்பதெல்லாம் வினையின் வாலில்தான் இருக்கிறது. அந்த வால் இல்லாமல் சொற்கள் உதிரியாகக் கிடந்தன.

ஒரு வினை எப்படி மாறும் என்று எழுதிக் காட்டுங்கள் என்று மெலனி கேட்டார். எழுதினேன். போறன், போறாய், போறீர், போறியள், போறார், போறா, போறம், போயினம். இது இப்போதைக்கு மட்டும், நேற்றைக்கும் நாளைக்கும் வேறு என்றேன்.

"மொன் டியூ" என்று கடவுளைக் கூப்பிட்டார் மெலனி.

விடியற்காலையில் எழும்பிச் சாப்பாட்டு மேசையில் இருந்து என் கணவர் தனியே சொல்லிப் பார்ப்பார். போ... போ... போ... அதற்கு மேல் வராது. கழுத்து நரம்பு புடைக்கும். நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். கோபித்து மேசையில் குத்திவிட்டு எழும்பிப் போவார் என்று எதிர்பார்ப்பேன். போகமாட்டார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும், போ... போ... கதைத்தே வாழ்ந்த ஒரு மனிதர், அரைச்சொல்லோடு ஒவ்வொரு காலையும் இப்படி மல்லுக்கு நின்றார். ஒரு காலையும் தவறவிட்டதில்லை. அவரோடு இத்தனை வருடம் வாழ்ந்த எனக்கு அவரைப் பற்றித் தெரியாத ஒன்று அது.

பனிக்காலம் முடியும் தறுவாயில் மெலனி எங்கள் இருவரையும் இருத்திச் சொன்னார். "பெயர்கள் இன்னும் வரும். வசனங்கள் வருமா என்று என்னால் வாக்குத் தர முடியாது. வராவிட்டால் எப்படி வாழ்வது என்பதையும் நாங்கள் பயிற்சி செய்யத் தொடங்க வேண்டும்." அவர் இதை என்னிடம் மட்டும் இரகசியமாகச் சொல்லாமல் இவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதற்காக மெலனியை நான் என்றும் மதிப்பேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவர் என் தோளைத் தட்டி, வெளியே போன ஒரு பழைய லொறியைக் காட்டி, "டீசல்" என்றார்.

அந்தக் கிழமைதான் றெஜான் போன் பண்ணி, சனிக்கிழமை கராஜுக்கு வரச் சொன்னார்.

மறுபடியும் கராஜில்

இரண்டிரண்டாக வார்த்த நாலு சிலிண்டர். வால்வுகள் இரண்டு பக்கமும். தலையில் பித்தளைக் கிண்ணங்கள், ஒன்று மட்டும் காணவில்லை. அட்டையில் பார்த்ததை முதன்முதலில் கையால் தொட்டுப் பார்த்தேன். இரும்பு அவ்வளவு குளிராக இருந்தது.

ஏரிக்கரை ஊரொன்றில் பழைய படகுகளை வைத்துக் காட்டுகிறவர்கள் இந்த எஞ்சினைக் கேட்டிருந்தார்கள். வருகிற கிழமை கொண்டுபோக வருகிறார்கள். படகு எஞ்சின் என்று எழுதி வைக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் சிவா ஒருமுறை பார்க்கட்டும் என்று றெஜான் நினைத்திருக்கிறார். அவருக்கும் அது படகு எஞ்சின் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. படகுக் கொட்டிலில்தானே கிடந்தது.

நானும் ஒரு சுற்று சுற்றிவந்தேன். எனக்கும் தெரிந்துவிட்டது. அந்தப் பெருமையில், "இஞ்சேருங்கோ, இது போட் எஞ்சின்" என்றேன்.

"கார்" என்றார்.

"இல்லை, போட்."

"கார்."

"விசிறி எங்க? காரெண்டால் முன்னால விசிறி பூட்ட இடம் இருக்கவேணும். இஞ்ச ஒண்டும் இல்லை. புகை போற குழாயைப் பாருங்கோ, அதுக்கு மேலால தண்ணி ஓட இன்னொரு குழாய். அது போட்டுக்குத்தானே? பேந்தென்ன?"

நான் காட்டிய அடையாளங்கள் எல்லாம் சரிதான். றெஜான் மறுபக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, எங்கள் தமிழ்ச் சண்டையை ரசித்துக்கொண்டு நின்றார்.

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஊன்றுகோலால் சீமெந்துத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். எஞ்சினின் பின்பக்கம் போனார். ஊன்றுகோலை என்னிடம் நீட்டிவிட்டு, ஒரு பால் பெட்டியைக் காலால் இழுத்து அதன் மேல் மெல்ல இருந்தார். "துணி" என்றார். கொடுத்தேன். "எண்ணெய்" என்றார். நான் கை காட்ட, றெஜான் மண்ணெண்ணெய்த் தகரத்தை அவர் பக்கத்தில் வைத்தார்.

எஞ்சினின் வாலில் ஒரு பெரிய இரும்புச் சக்கரம் இருக்கும், பிளைவீல் என்பார்கள். அதன் உட்பக்கம் முழுவதும் கல்லாய் இறுகிய கிரீஸ், சேறு. இவர் துணியை நனைத்து அதைத் துடைக்கத் தொடங்கினார், பழக்கமில்லாத இடது கையால். நான் உதவப் போனபோது தோளால் தள்ளிவிட்டார். துடைத்தார், சுரண்டினார், மறுபடியும் துடைத்தார். கடைசியில் என் கையைப் பிடித்து உள்ளே வைத்தார்.

நேராக இருக்க வேண்டிய விளிம்பு நேராக இல்லை. சட்டியின் உட்புறம் போலச் சரிந்து போனது.

"என்ன இது?" என்றேன். என் அட்டைகளில் பிளைவீலின் உட்பக்கம் இல்லை.

"கிளச்."

"கிளச் போட்டுக்கும் இருக்கும்தானே!" விட மனமில்லாமல் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்கிற எரிச்சல் அந்த முகத்தில் நிறைந்திருந்தது. பழைய எரிச்சல். காபரேட்டர் விளக்குகிற காலத்து எரிச்சல்.

"இஞ்ச தோல் இருந்தது" என்றார். "பேந்துதான் போட்டில பூட்டினவங்கள்."

நான் கையை எடுக்கவில்லை. கூரைத் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

இருந்தது. பூட்டினவங்கள். இரண்டு வினை. இரண்டும் இறந்தகாலம். எது முதல், எது பிறகு என்பதும் இருந்தது. தான் முழு வசனம் சொல்லிவிட்டது அவருக்குத் தெரியவில்லை, எஞ்சினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொன்னால் கலைந்துவிடும் என்று பயந்து, "எந்தத் தோல்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் இடது கையைக் கூம்பு மாதிரிக் குவித்து அந்தச் சரிவுக்குள் மெல்லத் தள்ளிக் காட்டினார். "மாட்டுத்தோல்... சுத்தி. இறுக்கினால்... கார் போகும்."

அந்தக் காலத்துக் கார்களில் கிளச் என்பது தோல் சுற்றிய ஒரு கூம்பு. அது இந்தச் சரிவுக்குள் போய் இறுகினால் காரின் சக்கரம் ஓடும், விலகினால் நிற்கும். யாரோ பிறகு காரிலிருந்து எஞ்சினைக் கழற்றி, விசிறியை எடுத்துவிட்டு, படகுக்கு மாற்றியிருக்கிறார்கள். விசிறி பூட்டிய ஓட்டைகளில் ஆணி அடைத்திருந்ததை இவர் பிறகு காட்டினார். பச்சைப் பெயின்ரில் மறைந்து கிடந்தன.

விட்டுப்போன ஒன்று

றெஜான் அந்த எஞ்சினை அளந்து, படமெடுத்து, அமெரிக்காவில் இருக்கிற பழைய கார்க்காரர்களுக்கு அனுப்பினார். அவர்கள் தங்களுக்குள் வாதாடிவிட்டுப் பதில் எழுதினார்கள். கார் எஞ்சின்தான். ஆனால் அதைச் செய்தவர்கள் கார் செய்யவில்லை. எஞ்சின் மட்டும் செய்து, சொந்தமாக எஞ்சின் செய்ய வசதியில்லாத சின்னச் சின்னக் கார்க் கம்பனிகளுக்கு விற்றிருக்கிறார்கள். ஆகவே எந்தக் காரில் ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது. நாலைந்து பெயரில் ஏதோ ஒன்று. படகுக்காரர்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியென்றால் இரண்டு கதையையும் சேர்த்தே எழுதி வைக்கிறோம் என்று கொண்டுபோனார்கள்.

மெலனியிடம் போய், "இவர் என்னோடு சண்டை பிடித்தார்" என்று சொன்னேன். என்ன சொல்லிப் பிடித்தார் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எழுதினார். பயிற்சிகள் தொடர்ந்தன. இன்றைக்கும் வினை சில நேரம் வழுக்கும். நான் போனதை அவர் போனதாகச் சொல்லுவார். வெளியாட்கள் முன்னால் வாய் திறக்கமாட்டார். கோயில் அம்மா கேட்டதற்கு அதுதான் பதில். எஞ்சின் பற்றி என்றால் திறப்பார்.

ஆனால் அந்தச் சனிக்கிழமையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இவர் அந்த வசனத்தைச் சொல்லி முடித்ததும் றெஜான் விளக்கோடு இந்தப் பக்கம் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது; என் முகத்தைப் பார்த்து ஏதோ நடந்திருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. "மதாம், சிவா என்ன சொல்கிறார்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"இவர் சொல்கிறார்..." என்று பிரெஞ்சில் தொடங்கினேன். "இங்கே முன்பு ஒரு... ஒரு..."

சொல் இல்லை. பதனிட்ட தோலுக்குப் பிரெஞ்சில் என்ன? கார்டெரிப் பிள்ளைகளின் சப்பாத்து றப்பர், கையுறை நைலோன். அவர்களோடு இருந்து அந்தச் சொல்லைக் கேட்க எனக்கு வாய்த்ததில்லை. கடைசியில் என் புறங்கையைக் கிள்ளிக் காட்டி, மனிதத் தோலுக்கு உள்ள சொல்லைச் சொன்னேன்.

றெஜான் திடுக்கிட்டார். "தோலா? யாருடைய தோல்?"

"மாடு... மாட்டினுடைய..." எனக்கு வியர்த்தது. சொல் எங்கேயோ பக்கத்தில் நிற்பது போலவும், கை நீட்டினால் விலகுவது போலவும் இருந்தது.

"குயிர்" என்றார் என் கணவர்.

எனக்கு அது உயிர் என்று கேட்டது. "உயிரோ? என்ன சொல்றியள்?"

"குயிர்! வுயி, குயிர்!" என்று றெஜான் ஆமோதித்துக் கத்திக்கொண்டே தரையில் முழங்காலை ஊன்றி, பிளைவீலுக்குள் கையை விட்டார். அந்தச் சரிவு கையில் பட்டதும் அவர் வாயிலிருந்து வந்தவை எல்லாம் தேவாலயத்தில் மட்டும் சொல்ல வேண்டிய, கியூபெக்காரர் வசவுக்கு எடுத்துக்கொண்ட சொற்கள்.

இவர் அவரைக் கவனிக்கவில்லை. பால் பெட்டியில் இருந்தபடி, கிரீஸ் கையோடு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குயிர்" என்றார் மறுபடியும், எனக்காக, மெதுவாக. "சொல்லும்."

"குயிர்" என்றேன்.

அவர் திருப்திப்படவில்லை. இல்லையென்று தலையை ஆட்டினார்.

"இன்னொருக்கா சொல்லும்."